கறண்டு போன பத்து நிமிடம்

அமாவாசைக்கு மறுநாள்
குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில்
ராட்டினத்தின் உச்சிக்கு எங்கள் தொட்டில் வந்ததும்
கறண்டு போயிற்று.

பக்கத்தில் பிரமிளா.
ரப்பர் ஷீட் கடையில் அவள் எடை சொல்வாள்,
நான் எழுதுவேன்.
எதிரே, தனி ஆள் என்பதால்
எங்களோடு பிடித்து ஏற்றப்பட்ட பையன்,
மடியில் ஒரு மாங்கோஸ்டீன் கன்று.
பெயர் பிகாஷ். ஊர் மால்டாவாம்.
பைபாஸ் ஓரம் எழும்புகிற ஆஸ்பத்திரிக்குக்
கம்பி கட்டுகிறான்.
"கன்று எதுக்கு?"
"ரூமுக்கு."
பிரமிளா சிரித்ததில் தொட்டில் ஆடியது.

மைதானத்துக்கு மட்டும்தான் இருட்டு.
கீழே கவியரங்க மேடையில் மைக் செத்தும்
கவிஞர் நிறுத்தவில்லை.
அந்தப் பக்கம் மார்த்தாண்டம்
கடை கடையாக எரிந்துகொண்டிருந்தது.

மேம்பாலம் தெரிந்தது.
கட்டிய நாள்முதல் அதன் வயிற்றையே பார்த்து
வேலை செய்கிறவள் நான்,
முதுகை அன்றுதான் பார்த்தேன்.
அதன்மேல் திருவனந்தபுரம் பஸ்,
மீன் லாரி,
கல்யாணப் பட்டெடுத்துத் திரும்புகிற
பாறசாலைக் குடும்பங்களின் வேன்.
அதற்குக் கீழே எங்கோ எங்கள் தராசு.

விடியுமுன் களியலிலிருந்து ஷீட் வரும்.
அருமனையிலிருந்து தேன் டின் வரும், பக்கத்துக் கடைக்கு.
விலை கோட்டயத்திலிருந்து போனில் வரும்.
பேரம் மலையாளத்தில் தொடங்கும்,
கோபம் தமிழில் முடியும்,
ரசீது
இரண்டிலும் சேராத என் கிறுக்கல்.

"அங்க ஏன் லைட் இல்ல?"
பிகாஷ் கை நீட்டினான்.
இத்தனை வெளிச்சத்தையும் கீறிக்கொண்டு போகிற
நீளமான கறுப்பு.
"காலி மனையா?"

"ஆறு" என்றாள் பிரமிளா.

அவன் விரல் மடக்கினான்.
நாலு, அஞ்சு, ஆறு.
சைட்டில் மாடி எண்ணிப் படித்த தமிழ்.
"எது ஆறு?"

"தண்ணி, பிள்ளே. ஓடுற தண்ணி."

"ஓ. நோதீ."

நதிதான். அவன் வாயில் சற்று உருண்டிருந்தது.

முந்தின நாள் விடியலில்
அந்தக் கறுப்பில் இடுப்பளவு நின்று
பிரமிளா அவள் அப்பாவுக்குப் பிண்டம் விட்டாள்.
நான் கரையில் அவள் செருப்பும் பையும் காவல்.
எங்கள் சபையில் இது கிடையாது.
ஆனாலும் என் அப்பாவின் பெயரை,
சாமுவேல் ராஜமணி என்று,
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்,
தண்ணீருக்குக் கேட்காத அளவில்.

இன்னொன்று.
அணை திறந்த ஐப்பசியில்
ஆறு கடைக்கே வந்தது.
ஷட்டருக்கு அடியில் நுழைந்து
ஷீட்டுக் கட்டுகளைத் தூக்கி நகர்த்தி
எடைத்தட்டில் ஏறி நின்றது.
முள் முப்பத்தெட்டில்.
பேரேட்டில் எழுதினேன்:
வரவு, ஆறு, 38 கிலோ.
ஈரத்துக்குக் கழிவு இல்லை.
முதலாளி அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னார்.
கிழித்தேன். வீட்டில் இருக்கிறது.

கறண்டு வந்தது.
கவிஞரின் கடைசி வரி மட்டும் ஊருக்கே கேட்டது,
"நன்றி வணக்கம்."

இறங்கும்போது பிகாஷ் சொன்னான்,
இது காய்க்க எட்டு வருஷமாம்.
ஆஸ்பத்திரி சித்திரையில் முடிந்துவிடும்.
உங்க கடைப் பக்கம் இடம் உண்டா?
மேம்பாலத்துக்குக் கீழே
வெயில் வராது என்றேன்.

திங்கட்கிழமை கடை திறக்கையில்
தராசுக்குப் பக்கத்தில் கன்று நின்றது,
ஆளைக் காணோம்.
பேரேட்டை விரித்தேன்.
வரவு, கன்று ஒன்று.
தந்தவர், பிகாஷ்.
ஊர் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

"எழுது பிள்ளே" என்றாள் பிரமிளா,
"களியல் வண்டி வந்தாச்சு."